மாறாத ஆண்டவனும் பணிய மறுத்த சிறுவனும்: றொபேட் நொக்ஸின் நூல் குறித்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவை அடுத்த மூதூரில், 'வெள்ளைக்காரன் மரம்' என வழங்கிய புளியமரம் நின்ற இடம் ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டு 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் அம்மரத்தடியிலேயே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார் என்பர். அவருடன் சிறைப்பட்ட மகன் றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் கண்டி இராச்சியத்தின் சமூக வரலாற்றுக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதனையே ஒரு சமயப் பனுவலாகவும் வாசித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இறைவன் மாறாதவன்; மனிதன் தாழ்மையுடன் அவனுக்குக் கீழ்ப்படியக் கடவன். இவ்விரு கருத்துகளும் கிறித்தவ மரபில் இணைந்தே வருவன. ஆயின் அவற்றின் மூலங்களை உற்றுநோக்கின் பிறிதொரு செய்தி புலனாகும். ஆண்டவரின் மாறாமையைக் கூறும் இடங்களுள் முதன்மையானது மல்கியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம். அதற்கு நேர்முந்திய வசனமோ கூலியாளின் கூலியைப் பறிப்போருக்கும், விதவைகளையும் திக்கற்றோரையும் ஒடுக்குவோருக்கும் எதிரான தீர்ப்பைக் கூறுவது. மாறாதது நீதியே என்பது அங்குப் பெறப்படும் பொருள். பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலும் தாழ்மை மேலிருந்தே தொடங்குகிறது. உயர்ந்த நிலையிலிருப்பவரே அடிமைக் கோலம் பூணுகிறார். கீழே கிடப்பவனை இன்னும் குனியுமாறு பணிக்கும் போதனையாக அது மாறியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண நொக்ஸின் நூல் பெரிதும் உதவும்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் பாய்மரம் முறிந்த கப்பல், பழுதுபார்க்கவே கொட்டியாரக் குடாவை அடைந்தது. கல்வினின் முன்குறிப்புக் கோட்பாடு குறித்து எங்கெல்ஸ் 1892இல் எழுதியது ஈண்டு நினைக்கத்தக்கது. வணிகனின் வெற்றியும் வீழ்ச்சியும் அவன் முயற்சிக்கோ திறமைக்கோ அடங்காதன. அறியவியலாப் பொருளாதாரச் சக்திகளே அவற்றைத் தீர்மானிக்கின்றன. அந்நிலையின் சமய வடிவமே அக்கோட்பாடு என்பது அவர் கருத்து. காற்றும் சந்தையும் கணந்தோறும் மாறும் உலகில் மாறாத ஆண்டவன் ஒருவன் தேவைப்படுகிறான். நொக்ஸ் தமக்கு நேர்ந்த ஒவ்வொன்றிலும் அவன் கரத்தையே காண்கிறார். பின்னப்பட்ட தொப்பி ஒன்றைக் கொடுத்து முதியவர் ஒருவரிடம் விவிலியம் பெற்ற நிகழ்ச்சியை அவர் விவரிப்பதிலும் இதனைக் காணலாம்.

இந்நம்பிக்கையை வெறும் அடிமைப் புத்தி என ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் பிழை. கொட்டியாரத்தில் மகனைக் கப்பலுக்கு அனுப்பியபோது, இறுதித் தீர்ப்பு நாளில் கணக்குக் கூறவேண்டியிருக்கும் என்று ஆணையிட்டு, திரும்பி வருமாறு பணித்தார் தந்தை. தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் மகன் சிறைக்கே மீண்டார். அதே நொக்ஸ் பின்னர் அரண்மனைச் சேவகத்தைச் சாதுரியமாகத் தவிர்த்தார். 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். ஆண்டவனுக்குப் பணிந்தவர் அரசனுக்குப் பணியவில்லை. மாறாதவன் ஒருவனே எனில் மன்னர்கள் யாவரும் மாறத்தக்கவரே. இங்கிலாந்தில் 1649இல் மன்னனின் தலை வீழ்ந்த காலத்தின் தூய்மைவாதச் சமயம் அது என்பதை மறத்தலாகாது.

நூலின் முற்பகுதியில் மற்றொருவன் இருக்கிறான். பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தை நொக்ஸ் தமது பணிக்கெனக் கொண்டுவந்த கறுப்புச் சிறுவன். அவனுக்கு நூலில் பெயரில்லை. தமிழ்க் கரையோரத்துச் சிறுவன் என்ற அளவிலேனும் அவன் நம் கவனத்துக்குரியவன். தந்தையும் மகனும் உள்நாட்டுக் கிராமமொன்றில் நோயுற்றிருந்தபோது அவன் தன் மனம் இசைந்த அளவுக்கு மேல் ஏவலுக்கு உட்பட மறுத்தான். எசமான் தன்னையொத்த நிறத்தவரின் கைதியாக இருப்பதைக் கண்டதே காரணம் என நொக்ஸ் தாமே எழுதுகிறார். அவனை வற்புறுத்தத் தமக்கு அதிகாரமில்லை என அப்போது எண்ணியிருந்தனராம். அது தமது அறியாமை என்றும் சேர்த்துக்கொள்கிறார். நூல் முழுவதிலும் இதனையொத்து ஆழ்ந்து நோக்கத்தக்க பகுதி வேறில்லை என்பேன். எசமானின் அதிகாரம் இயற்கையன்று, சூழ்நிலையாலானது என்பதை எழுத்தறியாச் சிறுவன் கண்டுகொண்டான். விவிலியம் கற்ற நொக்ஸ், சிறைப்பட்ட தமது நிலையில் தெய்வத் திருவுளத்தைக் கண்டவர், அச்சிறுவனின் சிறைப்பாட்டில் எதனையும் காணவில்லை. கூலியாளுக்காகப் பேசும் மல்கியாவின் வசனம் அவர் பார்வையில் இங்கு வந்து பொருந்தவேயில்லை.

இதற்கான காரணத்தைத் தனிமனித வஞ்சகத்தில் தேடவேண்டியதில்லை. நூல் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அடுத்து நொக்ஸ் அக்கம்பனியின் கப்பல் தலைவரானார். 1684இல் சென்ற் எலினாத் தீவுக்கு அடிமைகளைக் கொள்ள மடகஸ்காருக்கு அனுப்பப்பட்டார். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசமும் நாள்தோறும் ஓதிய வேதமும் இதற்குத் தடையாகவில்லை. ஆண்டவனின் மாறாமை கம்பனியின் கணக்கேட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இக்குறை கிறித்தவத்துக்கே உரியது எனச் சைவ அன்பர்கள் மகிழ்வதற்கில்லை. இதே துறைமுகத்தின் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் வகுத்தனவாகக் கூறும் தொழும்புகளைக் குடிகுடியாகப் பகுத்து, தலைமுறைதோறும் மாறாது செய்யுமாறு பணிக்கிறது. தவறுவோர்க்குக் கேடும் கூறுகிறது. என்றுமுள்ள இறைவனின் பெயரால் நிலைநிறுத்தப்படுவது அங்குச் சாதிவழித் தொழிற்பிரிவினை. நிலவுடைமைக்கு ஒரு மாறாமை, வணிக மூலதனத்துக்கு ஒரு மாறாமை.

நொக்ஸின் நூலை டானியல் டீபோ நன்கறிந்திருந்தார். 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்ரன்' நாவலில் அக்கதையைச் சுருக்கித் தந்துமுள்ளார். அதற்கு முந்திய ஆண்டின் 'றொபின்சன் குரூசோ'வும் சிறைப்பாடு, தெய்வத் திருவுளம், பணியாள் என்னும் இதே மூன்று பொருள்களால் ஆனது. பணியாள் மட்டும் வேறு. பரங்கிப்பேட்டைச் சிறுவனைப் போன்றவனுக்கு அங்கு இடமில்லை. எசமானின் பாதத்தைத் தானே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்ளும் பிறைடே அவ்விடத்தில் நிற்கிறான்.