இந்தியிலிருந்து சமஸ்கிருதத்திற்கு: தொழில்நுட்ப உரைபெயர்ப்பின் இடர்கள்

இந்திய மக்களவையில் உறுப்பினர் பேச்சு உடனுக்குடன் பெயர்த்துரைக்கப்படும் மொழிகளின் வரிசையில் சமஸ்கிருதமும் சேர்க்கப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. செலவு தகுமா என்னும் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மின்னுற்பத்தி, பாலம், இருப்புப்பாதை பற்றி இந்தியில் நிகழும் பேச்சைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்துரைக்க வல்லார் யாவர் என்பதே நம் வினா. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 24,821 பேர். அவருள் பொறியியல் கற்றோரைத் தேடப் புகுமுன், இப்பணி எளிது என்னும் எண்ணத்தை ஆராய்தல் வேண்டும்.

அவ்வெண்ணம் காரணமின்றி எழுந்ததன்று. 1961இல் நிறுவப்பெற்ற அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் இந்திக்கு ஆக்கித் தந்த சொற்களுள் பெரும்பகுதி சமஸ்கிருத வேரின. எனவே விகுதியை மாற்றினாலே போதும் என்பர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. இந்தி இயற்பியலில் 'பல்' என்பது விசை. 'சக்தி' என்பது திறன். 'ஊர்ஜா' என்பது ஆற்றல். இவை முறையே நியூட்டன், வாட், ஜூல் என அளக்கப்படுவன. அமரகோசமோ பலத்தையும் சக்தியையும் ஒரே நிரலில் வைக்கின்றது. ஒரு பொருட்குப் பல பெயர் அறிதலே புலமை எனப் பயின்ற பண்டிதர், கேட்ட சொல்லை விடுத்து இனிய வேறொன்றை இடுதல் இயல்பே. காவியத்தில் அது அழகு. மின்னாக்கி பற்றிய உரையில் பெரும்பிழை. 'வேகம்' இன்னும் இடர் மிக்கது. இந்தி இயற்பியலில் அது திசைவேகம். வைசேடிகத்திலோ, இயக்கத்தில் பிறந்து மேலும் இயக்கத்தைப் பிறப்பிக்கும் சம்ஸ்காரம் என்னும் குணத்தின் ஒரு வகை. தருக்கம் நன்கு கற்றவரே இவ்விடத்தில் மிகுதியும் வழுக்குவர் போலும்!

தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. உபந்யாசம் நமக்குச் சமயச் சொற்பொழிவு. இந்தியில் 'உபந்யாஸ்' நாவல். நம் அவசரம் விரைவைக் குறிக்க, அங்கு 'அவசர்' வாய்ப்பைக் குறிக்கின்றது.

மேலும், ஆணையத்தின் சொற்கள் ஏட்டில் உள்ளன. தொழிற்கூடத்து இந்தி வேறு. அங்கு உதிரிப்பாகம் 'புர்ஸா', கருவி 'ஔஸார்'. பேரிங், வால்வு, கேஸ்கெட் என்பன ஆங்கிலத்திலேயே வழங்குகின்றன. வோல்ட், ராடார், பெட்ரோல் போன்றவற்றை உள்ளவாறே கொள்ள ஆணையமும் இசைந்தது. இந்தியில் அவற்றின்பின் ஓர் உருபு வந்தால் வாக்கியம் நடந்துவிடும். சமஸ்கிருதத்திலோ அச்சொல் பாலும் எண்ணும் வேற்றுமையும் ஏற்றாக வேண்டும். வால்வு ஆண்பாலா, அலிப்பாலா? இரண்டு வால்வு எனில் இருமை விகுதியும் வேண்டும். பேச்சின் விரைவில் இவற்றை முடிவு செய்தல் அரிது.

ஆதலின் இலக்கணப் பட்டமும் மேடைப் பயிற்சியும் கண்டு ஒருவரை அமர்த்துதல் பயன்தராது. பொறியாளர் ஒருவரும் சமஸ்கிருத வல்லுநர் ஒருவரும் இணைந்து, உரையின் படியை முன்னரே பெற்று, ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்னும் கட்டுப்பாட்டுடன் சொற்பட்டியல் வகுத்தல் வேண்டும். தெரிவுக்கும் ஒரு வழி உண்டு. நீரேற்று எந்திரம் ஒன்றின் பழுதுநீக்கும் முறையை இந்தியில் விளக்கச் செய்க. அதனைச் சமஸ்கிருத வழியே மட்டும் கேட்ட பொறியாளர் ஒருவர், அவ்வெந்திரத்தைக் கழற்றிப் பழுதுநீக்கி மீண்டும் பூட்டுகின்றாரா என்று காண்க.