புதைகுழியும் 'தரமும்': வீடியோ கேம் நெருக்கடிகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

2014 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ என்கிற ஊரின் பழைய குப்பைமேட்டைத் தோண்டினார்கள். 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம் லாரிகளில் கொண்டுவந்து புதைத்த வீடியோ கேம் கேட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன. இந்தப் புதைகுழி பற்றி முப்பது வருஷமாக ஒரு கதை உலவி வந்தது. சுமார் ஐந்தே வாரத்தில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட 'ஈ.டி.' என்கிற மட்டமான ஆட்டம் ஒரு தொழிலையே கவிழ்த்துவிட்டது, அந்த அவமானத்தைத்தான் பாலைவனத்தில் புதைத்தார்கள் என்பது கதை. தோண்டியபோது 'ஈ.டி.' கிடைத்தது வாஸ்தவம். கூடவே 'சென்டிபீட்' கிடைத்தது, 'மிஸைல் கமாண்ட்' கிடைத்தது. அந்தக் காலத்தின் சாதனைகள் என்று இன்றும் பேசப்படுகிற ஆட்டங்கள் இவை. ஆக, மோசமானதைப் புதைக்கவில்லை, விற்காததைப் புதைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அழித்துத்தான் ஒரு கதையாடல் கட்டப்பட்டிருக்கிறது: மந்தம் வந்தால் களை போகும், தரமானது மிஞ்சும், பசிதான் புதுமையைப் பெற்றெடுக்கும். சரி, இதைச் சொல்வது யார்? மிஞ்சியவர்கள். மிஞ்சியதாலேயே அவர்கள் தரமானவர்கள் ஆகிவிடுகிறார்கள். இலக்கியத்தில் 'தரம்' என்ற சொல் விழுந்ததும் யார் வைத்த அளவுகோல் என்று கேட்கப் பழகிய நாம், வீடியோ கேம் என்று வந்ததும், பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்று அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை.

முதலில் தேதிகளைப் பார்க்கலாம். அமெரிக்கப் பொருளாதாரம் 1981 ஜூலையிலிருந்து 1982 நவம்பர் வரை கடுமையான மந்தத்தில் இருந்தது. அந்த மாதங்களில் வீடியோ கேம் வியாபாரம் படுக்கவில்லை, கொழித்தது. மந்தம் முடிந்த மறுமாதம், 1982 டிசம்பர் 7 அன்று, அட்டாரியின் முதலாளியான வார்னர் நிறுவனம் எதிர்பார்த்த லாபம் வராது என்று அறிவித்தது. அதன் பங்கு விலை ஒரே நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. நாட்டின் பொருளாதாரம் எழுந்து உட்காரும்போது இந்தத் தொழில் விழுகிறது. எனவே இது வெளியிலிருந்து வந்த பஞ்சம் அல்ல. உள்ளேயே விளைந்த மிகை உற்பத்தி. 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க விற்பனை, 1985இல் சுமார் 10 கோடிக்கு இறங்கியது. இதற்கு முதலில் விலை கொடுத்தது மட்டமான ஆட்டங்களுக்கு உத்தரவு போட்டவர்களா? 1983 பிப்ரவரியில் உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றுவதாகச் சொல்லி 1,700 பேரை அட்டாரி வீட்டுக்கு அனுப்பியது.

மிச்சமிருந்த இடத்தில் நிண்டெண்டோ நுழைந்தது. 1985இல் நியூயார்க்கில் விற்பனை தொடங்கிய அதன் கருவியில் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நிறுவனத்தின் அனுமதி இல்லாத கேட்ரிட்ஜ் அதில் ஓடாது. மற்ற நிறுவனங்கள் வருஷத்துக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. கேட்ரிட்ஜை நிண்டெண்டோவே தயாரிக்கும். பணத்தை முன்னாடியே கட்டிவிட வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் கட்டியவனுக்கு. இத்தனைக்கும் மேலே ஒரு முத்திரை குத்தினார்கள்: 'தர முத்திரை'. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்', 'செல்டா' போன்றவை மகத்தான ஆக்கங்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை எங்கிருந்து வந்தன? தோல்வியைத் தாங்கும் கஜானா உள்ள வீட்டிலிருந்து. வெளியே இருந்தவனுக்கு ஒரு தோல்வியே கடைசித் தோல்வியாகிவிடலாம்.

இங்கேதான் பசி, புதுமை என்கிற சமன்பாடு உடைகிறது. அதே வருஷங்களின் பிரிட்டனைப் பாருங்கள். 1982இல் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டிய நாடு. அங்கே வீடியோ கேம் சாகவில்லை. படுக்கையறைகளில் பையன்கள் உட்கார்ந்து எழுதித் தள்ளினார்கள். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு பேர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 1984இல் 'எலைட்' செய்தார்கள். ஒரு முழு அண்டவெளியையே 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோவுக்குள் அடைத்துக் காட்டிய ஆட்டம் அது. வறுமை தந்த வரம் என்று இதைச் சொல்லிவிடலாமா? கூடாது. அங்கே ஆட்டம் வந்தது சாதாரண ஆடியோ கேசட்டில். பதிவு செய்ய அதிகம் செலவில்லை, 1984இல் 1.99 பவுண்டுக்குக்கூட ஒரு கேசட் கிடைத்தது. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க அரசு பாதி விலை கொடுத்தது. தோற்றால் போனது சில்லறைக் காசு. அட்டாரியின் உலகத்தில் தோற்றால் போனது கிடங்கு கிடங்காகச் சரக்கு.

இதே 1984இல், மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 'டெட்ரிஸ்' செய்தார். சந்தையே இல்லாத இடத்தில் பிறந்து, உலகச் சந்தையையே ஆண்ட ஆட்டம். அங்கே தோல்விக்கு விலையே இல்லை. (வெற்றிக்கும் இல்லை என்பது வேறு விஷயம், ராயல்டி அவர் கைக்கு வரத் தொடங்கியது 1996இல்தான்.)

2008இன் சரிவையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அந்த நெருக்கடி 'பிரெய்ட்'டையும் 2009இன் 'மைன்கிராஃப்ட்'டையும் பெற்றுப்போட்டது என்கிறார்கள். ஆனால் 'பிரெய்ட்' வெளியானது 2008 ஆகஸ்டில், லேமன் பிரதர்ஸ் திவாலாவதற்கு முந்தின மாதம். செய்து முடிக்கச் சில வருஷம் பிடித்த ஆட்டம் அது. மாறியது பொருளாதாரமல்ல, விநியோகம். பெட்டி வேண்டாம், கடை அலமாரி வேண்டாம், இணையம் வழியாக நேராக விற்கலாம் என்றானதும் தோற்பதற்கான செலவு மறுபடி கேசட் காலத்துக்கு இறங்கியது. தற்செயலாக அப்போது மந்தமும் இருந்தது.

தரம் காப்பாற்றும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்காக ஒரு சமீபத்திய உதாரணம். 2023 ஜனவரியில் ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் 'ஹை-ஃபை ரஷ்' வெளியிட்டது. இசைத்தாளத்துக்கு ஏற்றபடி சண்டை போடும் ஆட்டம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், பரிசுகள் கிடைத்தன. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. பிறகு ஆகஸ்டில் ஒரு கொரிய நிறுவனம் கைகொடுத்தது என்றாலும் சொல்லப்பட்ட செய்தி சொல்லப்பட்டதுதான். அந்த இரண்டு வருஷங்களில் இத்தொழிலில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அவர்கள் செய்த ஆட்டம் மட்டம் என்பதற்காக அல்ல. வட்டி குறைந்தபோது கடன் வாங்கி ஊதிப் பெருத்தவர்கள், வட்டி ஏறியதும் ஆளைக் குறைத்தார்கள்.

எனவே 'மந்தம் தரத்தைக் கூட்டுமா, குறைக்குமா' என்பது தப்பான கேள்வி. தோல்விக்கு யார் பணம் கட்டுகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். தோற்கும் உரிமை பரவலாக இருக்கும் இடத்தில், மந்தமோ செழிப்போ, புதுசு முளைக்கிறது. அது ஒரே கையில் குவிந்த இடத்தில் முத்திரைதான் மிஞ்சுகிறது. அலமோகோர்டோவில் 'ஈ.டி.'யும் 'சென்டிபீட்'டும் ஒரே குழியில், ஒரே மண்ணுக்கடியில் முப்பது வருஷம் கிடந்தன. புதைத்தவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.