விழுந்தவரை விடாத கை

ஜூடோவைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது வெறும் மல்லுக்கட்டாகத்தான் தெரியும். இருவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். கண் இமைப்பதற்குள் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். நடுவர் கையை உயர்த்துகிறார். அந்த வேகத்தில் யார் வென்றார் என்பது தெரியுமே தவிர, என்ன நடந்தது என்பது தெரியாது. இந்தக் கலையை ரசிக்க விரும்புகிறவர் பிரான்சில் ஏதாவது ஒரு சிற்றூருக்குப் போய், நகராட்சி விளையாட்டுக் கூடத்தின் ஓரப் பெஞ்சில் ஒரு புதன்கிழமை பிற்பகலில் உட்கார்ந்து இரவுவரை எழாமல் இருக்க வேண்டும். நாலு வயதுக் குழந்தையில் தொடங்கி எழுபது வயதுப் பெரியவர்வரை, வகுப்பு வகுப்பாக எல்லோரும் அதே பாயில் வந்து விழுந்து எழுவதைப் பார்க்கலாம்.

ஜூடோ பிறந்தது ஜப்பானில். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரித்த சின்ன இடத்தில், கானோ ஜிகோரோ என்ற 21 வயது இளைஞர் சில மாணவர்களோடு தொடங்கியது. ஆனால் அது தெருவுக்குத் தெரு பரவிய நாடு பிரான்ஸ். 1935இல் பாரிசுக்கு வந்த கவாய்ஷி மிகினோசுகே, ஐரோப்பியர்களின் மனப்போக்கைப் புரிந்துகொண்டு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வண்ணக் கச்சைகளைப் படிப்படியாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்று அந்த நாட்டு ஜூடோ சம்மேளனத்தில் பதிவு செய்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். கிளப் என்பது அங்கே 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான ஒரு சங்கம். தலைவர், பொருளாளர், செயலாளர் எல்லோரும் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள். செப்டம்பரில் ஊர்ச் சங்கங்களெல்லாம் மேசை போட்டு உட்காரும் நாளில் பெற்றோர் வந்து பெயர் கொடுக்கிறார்கள். புதன்கிழமை பிற்பகலில் பல ஊர்களில் பள்ளி இல்லை. அதனால் அன்றைக்குத்தான் பாய் நிறைந்திருக்கும்.

பாயில் இறங்கும் முன்னரே சில ஒழுங்குகள் உண்டு. செருப்பைப் பாயின் விளிம்புவரை போட்டுக்கொண்டு வந்து அங்கேயே கழற்றி வரிசையாக விட வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்திருக்க வேண்டும். மோதிரம், தோடு, சங்கிலி எதுவும் கூடாது. பிறகு ஒரு வணக்கம். எல்லாமே எதிரில் நிற்பவருக்குக் கீறல்கூட விழக் கூடாது என்பதற்காக. இந்தக் கலையின் மனம் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

முதல் பாடம் விழுவது. நாலைந்து வயதுக் குழந்தைகள் குந்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, அப்படியே பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் பாயை ஓங்கி அறைகிறார்கள். உகெமி என்பது இதுதான். தாடையை உள்ளே இழுத்துக்கொண்டால் பின்மண்டை தரையில் படாது. முதுகு வளைந்திருந்தால் உடம்பு உருளும். ஒரே இடத்தில் இடிபடாது. கை முழுவதும் ஒரே நொடியில் பாயில் அறையும்போது விழுந்த வேகம் பரந்த இடத்தில் சிதறிப்போகிறது. உள்ளங்கையை ஊன்றித் தடுத்துக்கொள்ள நினைத்தால் மணிக்கட்டு முறியக்கூடும். அந்த இயல்பான பயத்தை உடம்பிலிருந்து எடுப்பதற்குத்தான் இத்தனை பயிற்சி. நல்ல உகெமியைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ‘பட்’ என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் சரியாக விழுந்திருக்கிறார். ‘தொப்’ என்று கேட்டால் இடுப்போ தோளோ முதலில் இடித்திருக்கிறது.

இனி எறிபவரைப் பார்க்கலாம். இப்போன் செயோய் நாகே என்ற தோள் எறிதலை ஒரு பச்சைக் கச்சைப் பெண் மெதுவாகச் செய்து காட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய இடது கை, துணையாளியின் வலது சட்டைக்கையை முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறது. முதலில் அந்தக் கை முன்னாலும் மேலேயும் இழுக்கிறது. அவன் எடை குதிகாலைவிட்டு விரல்நுனிக்கு வந்துவிடுகிறது. பாதி எறிதல் இங்கேயே முடிந்துவிட்டது. அடுத்து அவள் திரும்பி, அவன் இடுப்புக்குக் கீழே தன் இடுப்பு போகும் அளவுக்கு முழங்காலை மடித்து, வலது கையை அவன் அக்குளுக்கடியில் கொடுத்து நிமிர்கிறாள். அவன் அவள் முதுகின்மேல் புரண்டு வருகிறான். நான் காத்திருந்து பார்ப்பது இதற்கு அடுத்த கணத்தை. அவன் புரளும்போது கீழே இழுத்த அதே இடது கை, அவன் பாயைத் தொடும் நேரத்தில் சட்டைக்கையை விடாமல் சற்றே மேலே தூக்குகிறது. அந்த ஒரு சிறு தூக்கலில் அவன் தலை தரையிலிருந்து விலகுகிறது, உடம்பு பக்கவாட்டில் அமைகிறது, காலியாக இருக்கும் அவனுடைய இடது கைக்குப் பாயை அறைய இடம் கிடைக்கிறது. கையை விட்டிருந்தாலும் அவன் விழுந்திருப்பான். ஆனால் கழுத்தெலும்பு தப்பியிருக்குமா என்று சொல்ல முடியாது. எறிவதில் எத்தனையோ பேர் கெட்டிக்காரர்கள். எறிந்தபின் அந்தக் கை என்ன செய்கிறது என்பதில்தான் ஜூடோ தெரிந்தவர் யார் என்று தெரியும்.

இதை மிகத் தெளிவாகப் பார்க்க வயது கலந்த வகுப்புதான் சரியான இடம். சம எடை, சம வயதுக்காரர்கள் மோதும்போது பலம் கலையை மறைத்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையனும் அறுபதைத் தாண்டிய கறுப்புக் கச்சைக்காரரும் ராந்தோரியில், அதாவது கட்டற்ற பயிற்சியில், இறங்கும்போது மறைப்பதற்கு எதுவும் இல்லை. பையன் இழுக்கிறான், தள்ளுகிறான், மூச்சிரைக்கிறான். பெரியவர் கூடவே நடக்கிறார், அவ்வளவுதான். பையன் வலது காலை முன்னே வைக்கப்போகிறான். எடை அந்தப் பாதத்தில் இறங்கப்போகும் கணத்தில் பெரியவரின் உள்ளங்கால் அதைப் பக்கவாட்டில் வாரிவிடுகிறது. டே அஷி பராய். கொஞ்சம் முந்தினால் பாதம் காற்றில் இருக்கும், பையன் சமாளித்துக்கொள்வான். கொஞ்சம் பிந்தினால் ஊன்றிய காலை உதைத்ததுதான் மிச்சம். தாளத்தில் சமம் போல அது ஒரே ஒரு புள்ளி. தசையால் அங்கே போய்ச் சேர முடியாது. பல ஆண்டுகள் பிறர் நடையைக் கையால் கேட்டுக்கேட்டுத்தான் போக முடியும்.

கையால் கேட்பது என்பதை வேண்டுமென்றுதான் சொல்கிறேன். சட்டையைப் பிடித்த பிறகு ஜூடோவில் கண்ணுக்கு அதிக வேலை இல்லை. பார்வையற்றோர் ஜூடோ 1988 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. விதியில் முக்கியமான மாற்றம், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட நிலையில் தொடங்குவார்கள் என்பது. 2024இல் பாரிசில் இந்தியாவின் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம்.

போட்டி வயது கடந்தவர்களுக்குக் கத்தா இருக்கிறது. முறை வகுக்கப்பட்ட அசைவுகளை இருவர் சேர்ந்து செய்வது. அதில் ஜூ நோ கத்தா தனி அழகு. வேகம் இல்லை, விழுதல் இல்லை. ஒருவர் மற்றவரை எறியும் விளிம்புவரை தூக்கிக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, பழையபடி தரையில் இறக்கிவிடுகிறார். இதில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட ஃபுகுடா கெய்கோ, கானோவிடமே நேரடியாகக் கற்றவர். பெண் என்பதால் பல ஆண்டுகள் 5ஆம் டானுக்கு, அதாவது கறுப்புக் கச்சையின் ஐந்தாம் படிக்கு, மேல் போக முடியாமல் நிறுத்திவைக்கப்பட்டவர். 2011இல், அவரது 98ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு 10ஆம் டான் அளித்தது. அந்த வயதிலும் சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக் கிளப்புகளின் சுவரில் எட்டுப் பண்புகள் எழுதி மாட்டியிருக்கும்: பணிவு, துணிவு, நேர்மை, மரியாதை, நட்பு என்று போகும் பட்டியல். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் குழந்தை அதைச் சுவரிலிருந்து கற்பதில்லை. இன்று என் உடம்பை உன்னிடம் தருகிறேன், அடுத்த முறை உன் உடம்பை என்னிடம் தருவாய் என்ற ஏற்பாட்டில், மாறி மாறி நூறு முறை விழுந்து எழுந்து கற்கிறது. தானும் துணையும் சேர்ந்து வளர வேண்டும் என்று கானோ சொன்னது பாயில் இப்படித்தான் நடைமுறைக்கு வருகிறது.

வெற்றி வெறி வந்தால் முதலில் போவது இந்த ஏற்பாடுதான். 2022இல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. வெற்றியே எல்லாம் என்ற போக்கு குழந்தைகள்வரை இறங்கிவிட்டது என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பிறந்த வீடே எடுத்த இந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

ஆகவே பிள்ளையைச் சேர்க்க ஜூடோ கிளப் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நுழைவாயிலில் இருக்கும் கோப்பை அலமாரியைப் பார்க்காதீர்கள். கடைசி வகுப்புவரை இருந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இன்னும் பாயில் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். விழுந்தவரின் சட்டைக்கையை விட்டுவிடும் கிளப்பில் யாருடைய தோளும் முழங்காலும் அத்தனை காலம் தாங்காது. அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்றால், முப்பது நாற்பது ஆண்டுகளாக அவர்களை எறிந்தவர்கள் எல்லோரும் சரியாக எறிந்திருக்கிறார்கள் என்று பொருள்.