சீஸை எடுத்தது யார் என்று கேட்கக் கூடாதா?

போன வாரம் அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது ஒரு சின்னப் புத்தகம் கையில் அகப்பட்டது. ஸ்பென்சர் ஜான்சன் எழுதிய 'ஹூ மூவ்டு மை சீஸ்?'. முதல் பக்கத்தில் நான் முன்பு வேலை பார்த்த பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் முத்திரை. புது சாஃப்ட்வேர் வந்த வருஷம் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இதை இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்த ஆட்களில் நானும் ஒருத்தன். பயிற்சி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னதும் நான்தான்.

அன்றைக்கு இந்தப் புத்தகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது மறுபடி உட்கார்ந்து படித்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படித்து முடித்ததும் ஒரு மாதிரி சங்கடமாக இருந்தது. ஏன் என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

கதை இதுதான்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றுவழிக் கூடம். அதில் ஸ்னிஃப், ஸ்கர்ரி என்று இரண்டு எலிகள். ஹெம், ஹா என்று எலி அளவே உள்ள இரண்டு மனிதர்கள். ஓரிடத்தில் நிறைய சீஸ் கிடைக்கிறது. தினமும் போய்ச் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் சீஸ் இல்லை. எலிகள் யோசிக்கவே இல்லை, அடுத்த இடம் தேடி ஓடிவிடுகின்றன. மனிதர்கள் இருவரும் கத்துகிறார்கள், புலம்புகிறார்கள், சுவரை உடைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ஹா தன் பயத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் கற்றதையெல்லாம் சுவரில் எழுதிக்கொண்டே போகிறான். கடைசியில் புது சீஸ் கிடைக்கிறது. ஹெம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். தலைப்பில் உள்ள கேள்வி அவனுடையது.

1998-ல் வந்த புத்தகம். இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஜான்சன் மருத்துவம் படித்தவர். 1982-ல் கென்னத் பிளான்சார்டுடன் சேர்ந்து 'தி ஒன் மினிட் மேனேஜர்' எழுதியவர். இந்தப் புத்தகத்துக்கும் பிளான்சார்டுதான் முன்னுரை. இதைக் கடையில் போய்த் தனக்காக வாங்கிப் படித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி ஊழியர்கள் கையில் கொடுத்ததும் ஏராளம். ஆட்குறைப்பு நடந்த இடங்களிலும் கொடுத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் 2009-ல் எழுதிய 'பிரைட்-சைடட்' நூலில் இதைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். 2011-ல் ஹார்வர்டு பேராசிரியர் தீபக் மல்ஹோத்ரா, சுற்றுவழிக் கூடத்தையே கேள்வி கேட்கும் எலிகளை வைத்து 'ஐ மூவ்டு யுவர் சீஸ்' என்று பதில் கதையே எழுதினார். ஆக, இதைக் குறை சொல்லும் முதல் ஆள் நான் இல்லை. என் வருத்தம் வேறொரு இடத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் சரியாக இருப்பது

முதலில் நியாயமாகப் பேசுவோம். ஹா கிளம்புகிற பகுதி நன்றாகவே இருக்கிறது. இழந்ததை நினைத்து உட்கார்ந்திருக்கும் மனதை ஜான்சன் சரியாகப் பிடித்திருக்கிறார். வேலை போனவர்கள், தொழில் படுத்தவர்கள் பலருக்கு இது ஆறுதலாக இருந்திருக்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

ஆனால் கதைக்குள் ஒரு சின்ன மாயம் நடக்கிறது, கவனித்தீர்களா? சீஸ் ஒரே ராத்திரியில் காணாமல் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் வந்தது, நாம்தான் பார்க்கவில்லை என்று ஹா பிற்பாடு உணர்கிறான். அதாவது, யாரும் எடுக்கவில்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்கு உள்ளே ஆளே கிடையாது. மழை பெய்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி மாற்றம் தானாக வருகிறது.

அலுவலகத்தில் அப்படியா நடக்கிறது? ஒரு மீட்டிங் நடக்கும். அதில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கொட்டேஷன் கையெழுத்தாகும். சீஸை எடுத்த ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆள்தான் புத்தகத்தையும் கொடுப்பார். 'யார் எடுத்தது?' என்று கேட்பவன் கோழை என்று சொல்லும் புத்தகம்!

வெளியிலிருந்தே வந்த மாற்றத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கேள்வி வீண் இல்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது. அன்றைக்கு 'ஏன் இப்படி ஆச்சு?' என்று கேட்டால் பதில் இருந்தது: சாயக்கழிவு நொய்யலில் கலந்தது, விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள், முன்பு வந்த உத்தரவுகள் நிறைவேறவில்லை. அந்தப் பதில் தெரிந்ததால்தான் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பொது நிலையங்களைச் சரிசெய்யும் பக்கம் வேலை நகர்ந்தது. காரணம் கேட்காமல் அடுத்த சீஸைத் தேடி ஓடியிருந்தால் இன்னொரு ஆறு கெட்டிருக்கும்.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் பள்ளித் தோழர்கள் சிகாகோவில் கூடி இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஹெம் மாதிரி ஆட்களை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்க, வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று என்று வருத்தத்தோடு பதில் வருகிறது. முதல் தடவை படித்தபோது இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஹெம்

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒரு அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் அதே ஸ்டோர். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் கிலோவை எழுதி, பக்கத்தில் லாட் நம்பரை எழுதி, துணியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர் அடித்து வைப்பார். ஒரே கறுப்புதான், ஆனால் திங்கட்கிழமை சாயம் ஏறிய கறுப்பும் வியாழக்கிழமை சாயம் ஏறிய கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறாகத் தெரியும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

புது சாஃப்ட்வேரில் கலர், கிலோ, பார்ட்டி பெயர் மூன்றும் இருந்தன. லாட்டுக்கு இடமில்லை. பயிற்சியின் இரண்டாம் நாள் அவர் கேட்டார்:

"கிலோக் கணக்கெல்லாம் சரியாத்தான் வருதுங்க தம்பி. லாட்டை எங்க எழுதறது?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ணா. முதல்ல இதுக்குப் பழகுங்க."

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டு, பழைய நோட்டிலும் எழுத ஆரம்பித்தார். இரட்டை வேலை பார்க்கிறார், புதுசுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று மேலே புகார் போனது. நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கள் அறையில் அவருக்கு 'ஹெம்' என்று பேர் வைத்தோம். வைத்தது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நாலாவது மாதம் ஒரு ஆர்டரில் பாடி ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று பீஸ்கள் வந்தன. இரண்டு லாட் துணியைக் கலந்து கட்டிங் போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அது எல்லாம் ஒரே கறுப்பு. பையர் எடுக்கவில்லை. அதற்குள் அந்த அண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அமெரிக்காவில் ஒரு பைஜாமா ஆலை

பல வருஷம் கழித்துத்தான் 1948-ல் 'ஹியூமன் ரிலேஷன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். எழுதியவர்கள் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச். ஆய்வு நடந்தது வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா ஆலையில். நம்ம ஊர் மாதிரியே பீஸ் ரேட். தைப்பது, மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாமே மணிக்கு 60 யூனிட் என்ற அளவில் கணக்கு. பெரும்பாலும் பெண்கள்.

அங்கே பிரச்சினை இதுதான்: வேலைமுறையை மாற்றினால் ஆட்களின் வேகம் விழுந்துவிடுகிறது. அந்த நாட்களுக்கு நஷ்டம் வராமல் போனஸ் கொடுத்தும் பலனில்லை. மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் பழைய 60-ஐ மறுபடி எட்டினார்கள். மற்றவர்கள் கீழேயே தங்கினார்கள், அல்லது வேலையை விட்டுப் போனார்கள். இன்னொரு விநோதம், புதிதாகச் சேர்ந்த ஆள் வேலை கற்க ஆகும் காலத்தைவிடப் பழைய ஆள் மாற்றத்துக்குப் பழக அதிக நாள் ஆனது. கை பழகாததுதான் காரணம் என்றால் பழைய ஆள்தானே சீக்கிரம் தேற வேண்டும்?

இதைச் சோதிக்கத் தொழிலாளர்களைப் பிரித்தார்கள். முதல் குழுவில் இஸ்திரி போடும் 18 பேர். அவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு, சந்தைப் போட்டியால் மாற்றம் தேவை என்று விளக்கி, புது ரேட்டைச் சொல்லி, கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் சிலர் மட்டும் புது வேலைமுறையை வடிவமைப்பதில் கலந்துகொண்டார்கள். கடைசி இரண்டு குழுக்களில் எல்லோருமே கலந்துகொண்டார்கள்.

கலந்துகொண்ட குழுவுக்கு ஒரே மாதிரி இரண்டு உடைகளைக் காட்டினார்களாம். ஒன்று 1946-ல் செய்தது, இன்னொன்று 1947-ல். முதலாவது இரண்டு மடங்கு விலைக்குப் போயிருந்தது. எது மலிவானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியதன் காரணம் அங்கேயே புரிந்துவிட்டது. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களில் யோசனைகள் வந்து கொட்டியதில், குறிப்பெடுத்தவர் எழுத முடியாமல் திணறினார் என்று கட்டுரையிலேயே இருக்கிறது.

முடிவு: முதல் குழு 60-ஐ எட்டவே இல்லை, 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள், சூப்பர்வைசரோடு சண்டை. பிரதிநிதிகள் வைத்த குழு 14 நாளில் 61-க்கு வந்தது. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் பழைய வேகத்தைத் தாண்டி சுமார் 14 சதவீதம் மேலே போயின. அங்கே ஒருவரும் விலகவில்லை.

இதில் இரண்டு விஷயம் எனக்கு உறைத்தது. ஒன்று, அந்த முதல் குழுவை யாரும் மோசமாக நடத்தவில்லை. கூட்டம் போட்டார்கள், விளக்கினார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இன்றைக்கு நாம் 'மாற்ற மேலாண்மை' என்ற பேரில் பவர்பாயிண்ட் போட்டுச் செய்வது இதைத்தான். அதையும் நாங்கள் முழுதாகச் செய்யவில்லை, கேள்வி கேட்டவருக்குப் பேர் வைத்தோம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அவர்களையும் முழுசாகக் கலந்துகொள்ள வைத்தார்கள். சீக்கிரமே வேகம் பிடித்து மேலே போய்விட்டார்கள். அதே 13 பேர்! ஹெம் என்று ஒரு பிறவிக் குணம் இருந்தால் இது எப்படி நடக்கும்?

இந்த ஆய்வையும் கும்பிட வேண்டியதில்லை. குழுக்கள் மிகச் சின்னவை. மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பதை நிர்வாகம் முன்பே முடிவு செய்துவிட்டது; எப்படி என்பதில் மட்டும்தான் தொழிலாளிக்கு இடம். நார்வேயில் ஒரு செருப்பு ஆலையில் இதே மாதிரி செய்து பார்த்து 1960-ல் வெளியிட்டார்கள். அங்கே உற்பத்தியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. தலைப்பைப் பாருங்கள், 'மாற்றத்துக்கான எதிர்ப்பை வெல்வது'. வெல்வதாம்! எதிர்ப்பில் விஷயம் இருக்கலாம் என்ற எண்ணம் அந்தத் தலைப்பில் இல்லை. ஆனாலும் யோசனைகள் வந்து கொட்டியதாக அவர்களே எழுதிவைத்தார்களே, அதுதான் எனக்குப் போதும். அந்த யோசனைகள் அன்றைக்கு முளைத்தவை அல்ல. அந்தப் பெண்களின் கையில் ஏற்கெனவே இருந்தவை. கேட்க ஆள் இல்லாதபோது அவையே சண்டையாகவும் மெத்தனமாகவும் வெளியே தெரிந்திருக்கும்.

ஜான்சனின் கதையில் இதற்கு வழியே கிடையாது. ஹெம்முக்குத் தெரிந்தது, ஹாவுக்குத் தெரியாதது என்று எதுவும் அங்கே இல்லை. இருவருக்கும் நடுவில் உள்ள ஒரே வித்தியாசம் தைரியம். அவர்கள் சீஸைச் செய்கிறவர்கள் இல்லை, தின்கிறவர்கள். வேலை செய்கிற ஆளுக்குத் தன் வேலையைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நினைப்பே அந்தச் சுற்றுவழிக் கூடத்தில் எழாது. ஒரு அலுவலகத்துக்கு இந்தக் கதையை உவமையாகக் கொடுப்பதில் உள்ள பெரிய கோளாறு இதுதான்.

எல்லா எதிர்ப்பும் ஞானம் என்று சொல்லவரவில்லை. வெறும் சோம்பலும் உண்டு, வீம்பும் உண்டு, பயமும் உண்டு. ஆனால் எது எது என்று கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்? 'வேண்டாம்' என்கிறவரிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்வதற்கு முன்னால் 'இதுல எது விட்டுப்போகுது?' என்று கேட்க ஐந்து நிமிஷம் போதும். அந்த அண்ணன் மூன்று நாள் தொடர்ந்து அதைத்தான் சொன்னார், நான் கேட்காமலேயே.

அந்த ஆர்டர் போன பிறகு சாஃப்ட்வேர்காரர்கள் வந்து லாட் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் வேலை. அடுத்த பயிற்சி வகுப்பில் அதைப் புது வசதி என்று நானே எல்லோருக்கும் விளக்கினேன். அது யார் கேட்ட கட்டம் என்று சொல்லவில்லை. இங்கேயாவது சொல்லி வைக்கிறேன்.