கைகண்ட ரசிகர்கள்

ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அளவில், சிவப்பும் நீலமுமாக ஒரு பிளாஸ்டிக் லாரி என் எழுதுமேஜையின்மேல் நிற்கிறது. அதை இடக்கையில் ஏந்திக்கொண்டு, பின்சக்கரங்கள் பொருந்திய பாகத்தை வலக்கையால் பற்றித் திருப்பினால், அது இரண்டு கால்களாக நீள்கிறது. பக்கச் சுவர்களை வெளியே இழுத்துத் திருப்பினால் அவை புஜங்களாகின்றன. கூரைக்குள் மடிந்து கிடந்த சிரசு, விரல்நுனி பட்டதும் நிமிர்ந்து எழுகிறது. ஒரு நிமிஷத்துக்கு முன் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதற்கென்று இருந்த முன்கண்ணாடிகள், இப்போது ஒரு வீரனின் மார்புக் கவசமாக விளங்குகின்றன. முஷ்டிகள் இரண்டை மட்டும் தனியே எடுத்துச் செருகவேண்டியிருப்பது இந்தப் பழைய பொம்மையின் சிறு குறை. மற்றபடி லாரியில் இருந்த எதுவும் வீரனிடம் காணாமற் போகவில்லை, வீரனிடம் உள்ள எதுவும் லாரிக்கு அந்நியமாக இல்லை. ஆப்டிமஸ் பிரைம் என்று உலகம் அழைக்கும் இந்த உருவத்தின் சௌந்தரியம் முழுவதும் அந்தக் கணக்குச் சுத்தத்தில் அடங்கியிருக்கிறது.

இந்த ஆனந்தத்தைப் பால்யத்தில் விரல்களால் அனுபவித்தவர்கள் எத்தனையோ பேர், வளர்ந்து பெரியவர்களாகி, 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: ரிவெஞ்ச் ஆஃப் தி ஃபாலன்' என்ற திரைப்படத்தைப் பார்க்கக் கொட்டகைகளுக்குள் சென்றார்கள். வெளியே வந்தபோது அவர்கள் சொன்ன அபிப்பிராயங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒரே மனிதர் ஒரே மூச்சில் ஒரு காட்சியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடி, மறு காட்சியை மன்னிக்க முடியாதென்று தள்ளியதும் உண்டு. ஆனால் அந்தப் புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவனித்தால், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்பது புலனாகும். கை அறிந்த ஒன்றைக் கண் தேடியது. கிடைத்த இடத்தில் குதூகலித்தது, கிடைக்காத இடத்தில் வெகுண்டது. இந்த ரசிகர்களின் தீர்ப்பைக் கலைத் தீர்ப்பாக மதித்துக் கேட்கவேண்டும் என்பதே என் கட்சி.

அவர்களுடைய கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் தகாரா என்ற பொம்மை நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு வரிசைகளைச் செய்துவந்தது. டயாக்ளோன் என்ற வரிசையில் கார்களும் லாரிகளும் யந்திர மனிதர்களாயின. மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையில் கைத்துப்பாக்கி, காஸெட் பெட்டி போன்ற வீட்டுச் சாமான்களே அவ்வாறு மாறின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டி, 1984-இல் கடைகளில் வைத்தது. ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஓ'நீல். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் அங்கேயே பணிபுரிந்த பாப் புடியான்ஸ்கி. அதே ஆண்டில் தொலைக்காட்சியில் கார்ட்டூனும் ஆரம்பமாயிற்று. ஜப்பானியத் தொழிலாளியின் லாகவம் சரீரத்தைத் தந்தது. அமெரிக்கக் கதாசிரியரின் கற்பனை பிராணனைத் தந்தது. குழந்தைகளோ, சரீரத்தைக் கையிலும் பிராணனை மனத்திலும் வாங்கிக்கொண்டார்கள்.

மைக்கேல் பே இயக்கிய முதல் திரைப்படம் 2007-இல் வந்து, உலகெங்கும் 70 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இரண்டாவது படத்துக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவிட்டார்கள். அது 83 கோடிக்கு மேல் ஈட்டிற்று. ஆயினும் பத்திரிகை விமர்சகர்களில் மிகச் சிலரே அதை நல்ல படம் என்றார்கள். விமர்சகர் ராஜர் ஈபர்ட் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். மோசமான படங்களுக்கு அளிக்கப்படும் ராஸி விருதுகளில் படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றையும் அது பெற்றது. கொட்டகையிலிருந்து வெளிவரும் பார்வையாளர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் என்ற அமைப்பின் கணக்கில், முதல் படத்துக்குக் கிடைத்த 'ஏ' இதற்கு 'பி பிளஸ்' ஆக இறங்கியது. வசூல் ஏற, மதிப்பு இறங்கியது என்ற இந்த உண்மை கவனிக்கத் தக்கது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் விழுங்குவார்கள் என்று சொல்கிறவர்கள், அந்த ஜனங்களே டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, ஏறக்குறைய எல்லா ரசிகர்களும் ஒருமுகமாகப் புகழ்ந்த காட்சிக்கு வருகிறேன். அது காட்டுச் சண்டை. உயர்ந்த மரங்கள் அடர்ந்த வனத்தில், ஒரு மானிட இளைஞனைக் காப்பதற்காக, ஆப்டிமஸ் பிரைம் தனியாளாக மெகட்ரான், ஸ்டார்ஸ்க்ரீம், க்ரைண்டர் என்ற மூன்று பகைவரையும் எதிர்த்து நிற்கிறான். பகல் வெளிச்சம், பின்னணியில் பச்சையும் பழுப்பும், அவற்றின் நடுவே அவனுடைய நீலமும் சிவப்பும் எங்கே புரண்டாலும் கண்ணுக்குத் தப்புவதில்லை. முழங்கைகளிலிருந்து நீளும் வாள்கள் நெருப்பு நிறத்தில் ஜொலிக்கின்றன. அவன் பின்வாங்கும்போது முதுகு பட்டு ஒரு மரம் முறிகிறது. அந்த முறிவிலிருந்து அவனுடைய உயரத்தையும் பாரத்தையும் நாம் அளந்துகொள்கிறோம். நகரத்துக் கட்டடங்களின் நடுவில் யந்திரத்தோடு யந்திரம் கலந்துபோகும். மரமோ உயிருள்ள பொருள், அதன் அளவு நம் உடம்புக்குத் தெரியும். இந்தக் காட்சியை ஐமாக்ஸ் காமிராவால் படமெடுத்ததனால், அதற்குரிய பெருந்திரையில் பார்த்தவர்களுக்கு அந்த வீரன் தன் மெய்யான உயரத்தில் எதிரே நிற்பதுபோல் இருந்தது. யார் அடிக்கிறார், யார் விழுகிறார், எந்தக் கை எந்தத் தோளிலிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு கணமும் தெளிவு. பொம்மையை மடக்கி விரித்துப் பழகிய விரல்கள், அந்த உருவத்தின் ஒவ்வோர் அவயவத்தையும் திரையில் மறுபடியும் தொட்டுப் பார்த்தன.

இதே ரசிகர்கள் படத்தின் கடைசிப் பகுதியில் களைத்துப் போனார்கள். எகிப்தின் பாலைவனத்தில், பிரமிடுகளின் அடியில் நீண்ட யுத்தம் நடக்கிறது. பகைவர்களில் பெரும்பாலோர் சாம்பல் நிற உலோகம்; மணலும் தூசியும் அதே மங்கலுக்கு அண்மையில்; வெட்டி ஒட்டிய காட்சித் துணுக்குகள் கண் ஊன்றுவதற்குள் நழுவுகின்றன. "யார் யாரென்றே தெரியவில்லை" என்ற வார்த்தையைத்தான் பார்வையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதைச் சாமானியரின் சோம்பல் என்று தள்ளலாகாது. ராகத்தின் ஆரோகண அவரோகணத்தைக் காதில் ஏற்றிக்கொண்டவன், பாடகர் எவ்வளவு தூரம் சஞ்சாரம் செய்தாலும் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார் என்று தேடிக்கொண்டே இருப்பான். அகப்படாவிட்டால் அவன் அடையும் தவிப்பே அவனுடைய ஞானத்துக்கு அத்தாட்சி. இந்தப் புகாரும் அந்த ஜாதியைச் சேர்ந்தது.

இதனால் திரையில் அந்த உருவங்களைச் சிருஷ்டித்தவர்களின் உழைப்பு சிறிதென்று ஆகிவிடாது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மாஜிக் நிறுவனத்தில் ஸ்காட் ஃபாரரின் மேற்பார்வையில் பணியாற்றிய கலைஞர்கள், முதல் படத்துக்காகச் செய்த ஆப்டிமஸ் பிரைமின் கணினி உருவத்தில் மட்டும் 10,108 பாகங்களை அமைத்தார்கள். உருமாற்றங்களைக் காமிராவின் கோணத்துக்கேற்ப, காட்சிக்குக் காட்சி தனித்தனியே அசைத்துச் செதுக்கினார்கள். அந்த அதிசயத்தின் எல்லையும் அங்கேயே இருக்கிறது. பொம்மையில் ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்திலிருந்து போகவேண்டிய இடத்துக்குக் கணக்குத் தப்பாமல் போகிறது; திரையில் அது கண்ணுக்கு அழகான ஒரு பிரவாகமாகிறது, போய்ச் சேர்ந்த இடத்தைக் கண் பின்தொடர முடிவதில்லை.

டெவஸ்டேட்டர் என்ற பூதத்தின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1985-இல் வந்த பொம்மை, பச்சையும் ஊதாவுமான ஆறு கட்டுமான வண்டிகளாலானது; மண் வெட்டும் யந்திரம், கிரேன், சிமெண்டுக் கலவை வண்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே யந்திர மனிதனாகும், ஆறும் சேர்ந்தால் ஒரு மகாகாயன் எழுவான். 2009 படத்தில் அவன் 50,000 பாகங்களுக்கு மேல் கொண்ட கணினி உருவமாக, வாலில்லாக் குரங்கைப்போல் நாலு காலில் ஊர்ந்து, பெரிய பிரமிடின்மேல் ஏறி அதன் உச்சியைப் பெயர்க்கிறான். அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்து வாய்பிளந்தவர்களே, படத்தோடு விற்பனைக்கு வந்த பெரிய டெவஸ்டேட்டர் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது மனம் நொந்தார்கள். ஏனெனில் அதில் சேர்ந்த வண்டிகள் தனித்தனியே யந்திர மனிதர்களாக மாறவில்லை. வண்டிக்கும் பூதத்துக்கும் இடையே இருந்த அந்த நடுப்பிறவியை இழந்ததே அவர்களுடைய துக்கம். அதே சமயத்தில் வந்த பெரிய ஆப்டிமஸ் பிரைம் பொம்மையை அவர்கள் வெகுவாகக் கொண்டாடினார்கள். திரையில் ஆயிரமாயிரம் துண்டுகளாகச் சிதறிச் சேர்ந்த உருவத்தைத் தகாரா டோமி நிறுவனத்தின் வல்லுநர்கள் மறுபடியும் மடிக்கத்தக்க, எண்ணத்தக்க பாகங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதே அந்தக் கொண்டாட்டத்தின் காரணம்.

மற்றக் குறைகளை விரிக்க வேண்டியதில்லை. ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 2007 நவம்பரில் தொடங்கி மறு ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தபடியால் கதை முறையாகப் பண்படவில்லை. அது பார்ப்பவருக்குத் தெரிந்தது. ஸ்கிட்ஸ், மட்ஃப்ளாப் என்ற இரட்டையரின் பேச்சும் தோற்றமும் கறுப்பின மக்களை இழிவுபடுத்துவதாகப் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது.

ஆனால் குரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1984-இல் கார்ட்டூனில் ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனே இந்தப் படங்களிலும் பேசினார். மரைன் படை வீரராக வியத்நாம் சென்று திரும்பிய தம் அண்ணனை மனத்தில் வைத்தே, கூச்சலில்லாத அந்த உறுதியான, கனிந்த குரலை அமைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1986-இல் வெளியான கார்ட்டூன் திரைப்படத்தில், புதிய பொம்மைகளுக்கு இடம் கொடுக்கும் பொருட்டு ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றபோது, கொட்டகைகளில் குழந்தைகள் அழுதார்கள். மறு ஆண்டே கார்ட்டூனில் அவனை உயிர்ப்பித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2009-இல் காட்டுச் சண்டையின் முடிவில் மெகட்ரானின் ஆயுதம் அவன் முதுகில் பாய்ந்து மார்பைப் பிளக்கும்போது, அந்தப் பழைய குழந்தைகளுக்கு அது இரண்டாவது மரணம். கிழ வேவுவிமானமான ஜெட்ஃபயர் தன் சரீரத்தின் பாகங்களையே தானமாகத் தந்து, மீண்டும் உயிர்பெற்ற ஆப்டிமஸுக்குச் சிறகாக்கும் காட்சியில் அவர்கள் நெஞ்சம் பூரித்ததில் வியப்பில்லை. ஒருவனுடைய பாகம் மற்றொருவனிடம் போய்ப் பொருந்துவது எத்தகைய காரியம் என்பதை அவர்கள் பாயில் உட்கார்ந்து பழகியவர்கள்.

இந்த அபிப்பிராயங்கள் காற்றோடு போய்விடவில்லை. 2011-இல் வந்த மூன்றாவது படம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. அதற்கு நீண்ட நிதானமான காட்சிகள் தேவைப்பட்டதனால் கண்ணுக்குச் சற்று இளைப்பாற இடம் கிடைத்தது. 2018-இல் 'பம்பிள்பீ' படத்தை இயக்க வந்த டிராவிஸ் நைட், லைக்கா நிறுவனத்தில் பொம்மைகளைக் கையால் அணு அணுவாக அசைத்துப் படமெடுக்கும் கலையில் தேர்ந்தவர். அவர் அதன் நாயகனான பம்பிள்பீக்கு 1984-ஆம் ஆண்டுப் பொம்மையின் மஞ்சள் நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் உருவத்தையே திருப்பிக் கொடுத்தார். தொடக்கத்தில் வரும் யுத்தத்தில், நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும்படி அமைத்தார். அந்தப் படத்தின் வசூல் முன்னவற்றின் அளவுக்கு இல்லை. ஆனால் தொடக்க யுத்தத்தின் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றிப் பேசாத பழைய ரசிகரை நான் இன்னும் கண்டதில்லை.

சென்ற வாரம் அடுத்த வீட்டுப் பையன் வந்திருந்தான். படங்களை எல்லாம் பார்த்தவன், பொம்மையைப் பார்த்ததில்லை. மேஜைமேல் இருந்த லாரியை எடுத்து, பழக்கத்தினால் மளமளவென்று திருப்பி வீரனாக்கி அவன் முன் நிறுத்தினேன். அவன் வீரனைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா இன்னொரு தடவை மாத்துங்க மாமா," என்றான்.

மறுபடியும் லாரியாக்கி, அவன் கையிலேயே கொடுத்தேன். கூரையை அவன் கட்டைவிரல் தானே கண்டுபிடித்தது.