பேய்க்குச் செலவில்லை

பேய்க் கதை எழுதுகிறவனுக்குப் பேயினால் ஒரு காசு செலவு கிடையாது. ‘விளக்கு அணைந்தது’ என்று எழுதிவிட்டால் போதும். மிச்சத்தை வாசகரே தம் சொந்தச் செலவில் கற்பனை செய்துகொள்வார். சினிமாக்காரருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இருட்டைக் காட்டுவதற்கே அவர் விளக்குப் போட வேண்டும். அதனால்தான் குறைந்த முதலில் நல்ல பேய்ப் படம் எடுப்பவரிடம் எனக்கு ஒரு மரியாதை.

மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜ் டைரக்ட் செய்து 2012 அக்டோபரில் வெளிவந்த ‘பீட்சா’ இதற்குத் தகுந்த உதாரணம். அவர் முதலில் எடுக்க விரும்பியது ‘ஜிகர்தண்டா’ என்ற படத்தை. புதிய டைரக்டரை நம்பி அவ்வளவு பணம் போட ஆள் கிடைக்கவில்லை. ஆகவே சிறிய முதலுக்குள் அடங்குகிற கதை ஒன்றை எழுதினார், சி.வி. குமார் தயாரித்தார். பணத்தின் அளவே கதையின் அளவாயிற்று: ஒரு பங்களா, ஓர் இரவு, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதியின் வியர்த்த முகம்.

டார்ச் வெளிச்சம் ஒரு வட்டத்தைத்தான் காட்டுகிறது. வட்டத்துக்கு வெளியே இருப்பதை நாம் இட்டு நிரப்பிக்கொள்கிறோம். சந்தோஷ் நாராயணனின் இசையும் கதவுச் சத்தமும் அதற்கு உதவி செய்கின்றன. எழுத்தாளன் கையாளுகிற அதே யுக்திதான் இது. முதலாளியின் பெண்ணுக்குப் பேய் பிடிப்பது மட்டும் பழைய சரக்கு. முடிவில் முடிச்சுகளை அவிழ்க்கும் இடம் சாமர்த்தியமானதுதான். ஆனால் அங்கே பயம் கணக்காக மாறிவிடுகிறது. கடைசிக் காட்சியில்தான் அது மறுபடி பயமாகிறது.

எடுப்பது பாதி வேலை. ஜனங்களிடம் கொண்டு சேர்ப்பது மறுபாதி. அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் எடுத்து 1968-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ கதியைப் பாருங்கள். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றினார். மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போயிற்று. அந்நாட்டுச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகி, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டுக் காசு பார்க்கலாம் என்றாகிவிட்டது. படத்தில் வந்த பிணங்களைவிட இது பயங்கரம்.

நம் ஊரில் வேறு விதமான பயங்கரம். மதுரை–ராமநாதபுரம் ஏரியாவுக்கென்று பெரிய நட்சத்திரத்தின் படத்தை ‘மினிமம் கியாரண்டி’ கொடுத்து வாங்குவார்கள். பெயர் தெரியாதவரின் படம் என்றால் தயாரிப்பாளரே சொந்தப் பொறுப்பில் வெளியிட வேண்டியதுதான். டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் கட்டணம் வேறு. அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் புதுப் படம் வெளியிடுவதையே நிறுத்திவைத்தார்கள். இத்தனையும் தாண்டி வெள்ளிக்கிழமை வெளிவரும் சின்னப் படம் திங்கட்கிழமை வரை நிற்பதே பாடு. பார்த்தவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, அவர் புறப்பட்டு வருவதற்குள் போஸ்டர் மாறிவிடுகிறது. ‘பீட்சா’ வாய்ச் சொல்லாலேயே பிழைத்து, கன்னடம், ஹிந்தி, வங்காளி வரை போயிற்று. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த மதுரைக்காரர் பயத்தைச் சென்னைப் பங்களாவில் வைத்தார். 2014-இல் வெளிவந்த ‘ஜிகர்தண்டா’வை எடுக்க மதுரைக்கு வந்தபோது பயத்தை விட்டுவிட்டு ரவுடியைப் பிடித்துக்கொண்டார். நல்ல படந்தான், ஆனால் சினிமாவில் மதுரைக்கு அரிவாளைத் தவிர வேறு அடையாளமே கிடையாதா? சுற்றிலும் உள்ள பொட்டலில் பயத்துக்கா பஞ்சம்? கண்மாய்க் கரையில் முனி நிற்கிறது. ஊர் எல்லையில் கருப்பு காவல் இருக்கிறது. மேலமடைப் பாண்டி கோயிலில் கிடாய் வெட்டிப் பொங்கல் வைப்பவர் கையெடுத்துக் கும்பிடுவதும் அந்த முனியைத்தான், அகாலத்தில் தனியே எதிர்ப்பட அஞ்சுவதும் அந்த முனியைத்தான். பயமும் பக்தியும் இங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதிலும் நம் கிழவிகள் நடுநிசியைவிட உச்சிப் பொழுதைச் சொல்லித்தான் பிள்ளைகளை அதிகம் மிரட்டினார்கள். உச்சி வெயிலுக்கு லைட் வாடகை கூடக் கிடையாது!

அப்படி ஒரு படத்தை யாராவது ஒரு பிள்ளையாண்டான் எடுக்கத்தான் போகிறான். வந்தால் வெள்ளிக்கிழமையே போய்ப் பாருங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம்; அடுத்த வாரம் அது இருக்காது.