நாப்பயிற்சியும் அவைப்பயிற்சியும்

ஆங்கிலம் பேசப் பயிற்றும் இணையவழிக் கருவிகள் இன்று மாணவர்தம் கைப்பேசிதோறும் புகுந்துள்ளன. துறையூர், முசிறிப் பகுதிகளில் தமிழ்வழியிற் கற்றுத் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகட்கு வருவார்க்கு ஆங்கிலப் பேச்சு வாழ்வொடு பட்ட செய்தியாகும். இக்கருவிகளின் தகுதியை எவ்வளவைகொண்டு காண்பது? நம் இலக்கண நூல்களே அவ்வளவையைத் தருகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்கும் ஆற்றல் வாய்க்கும் என்பது நன்னூலார் கருத்து. அறுபதின்மர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் அங்ஙனம் சொல்லிக் காட்டுதல் ஆசிரியர்க்கு அரிது. கருவிக்கோ சலிப்பில்லை, பிழைபடின் நகுவாரும் இல்லை. இவ்வளவில் அது போற்றத்தக்கதே.

ஆயினும், பிழையைச் சுட்டுதல் வேறு. அதன் காரணத்தை உணர்த்துதல் வேறு. குண்டூசியையும் குப்பைத் தொட்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்தில் ‘பின்’ என ஒன்றாகவே அமையும். கருவி ‘தவறு’ என்று மட்டும் காட்டின், மாணவன் தன் நாவே குறையுடைத்து என மயங்குவான். ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற் பகரம் வல்லோசையாகவும், மகரத்தை அடுத்த பகரம் மெல்லோசையாகவும் ஒலித்தலைக் காட்டுக. அவ்விரண்டாம் ஒலியைச் சொல்முதலில் வைப்பின் தொட்டியைக் குறிக்கும் சொல் பிறக்கும். அவ்வாறே, திராட்சைக் கொடியும் அதன் மதுவும் தமிழெழுத்தில் ‘வைன்’ என்றே நிற்கும். பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்ற தொல்காப்பியர் விதி கொடிக்குப் பொருந்தும். மதுவுக்கோ உகரத்திற்குப் போல இதழ் குவிதல் வேண்டும். பிறப்பியல் கற்பிக்கும் தமிழாசிரியர் ஆங்கில வகுப்பிற்கும் துணையாவார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, ஆசானிடம் பெறுவது கால் பங்கு, உடன் பயில்வாரோடு பெறுவது கால் பங்கு, எஞ்சிய அரைப்பங்கு மாணவர்க்கும் அவைக்கும் உரைத்தலால் வருவது எனப் பகுப்பர் நன்னூலார். கருவியை ஆசான் நிலையில் வைத்து எண்ணினும் அது தருவது கால் பங்கே. திருவரங்கத்து அரையர்கள் முன்னோர்வழி வாய்மொழியாகப் பயின்ற பாசுரங்களை அத்யயன உற்சவத்தில் அடியார் திரண்ட அவைமுன் இசையும் அபிநயமுமாக நிகழ்த்துவர். அங்கே பயிற்சி அவையில்தான் நிறைவெய்துகின்றது.

பேச்சென்பது ஒலித்தூய்மை மட்டுமன்று. கேட்பான் முகக்குறிப்பறிந்து சொல்லை மாற்றுதலும், இடைமறித்த வினாவுக்கு விடையிறுத்தலும் அதன்பாற்படும். ஆகலின், தனியிருந்து ஒலி பழகக் கருவியும், காரணம் உணர்த்த ஆசிரியரும், அச்சம் நீங்க வாரந்தோறும் மாணவர் அவையும் ஆக மூன்றும் வேண்டும். கருவி வந்தமை காட்டி ஏனைய இரண்டையும் கல்லூரிகள் சுருக்குமாயின், தமிழ்வழி மாணவன் கைப்பேசி முன் நாவலனாகவும் நேர்முகத் தேர்வில் ஊமனாகவும் நிற்பான் என்க.